பத்துப் பேர் கூடும் பள்ளி

தமிழிலே 'பள்ளி' என்னும் சொல் பொருள்வளம் மிக்கது. சிறுவர் எழுத்தறியும் இடம் பள்ளிக்கூடம். சமண முனிவரும் பௌத்தத் துறவியரும் உறைந்த இடம் பள்ளி. இஸ்லாமியர் தொழும் இடம் பள்ளிவாசல். மேற்குக் கடற்கரையிலே மலையாளம் பேசும் மக்கள் இச்சொல்லை இன்னும் விரித்துக் கிறித்தவ தேவாலயத்தையும் பள்ளி என்றே வழங்குகின்றனர். அக்கரையிலுள்ள கொச்சி நகரத்திலே 'ஜூதப்பள்ளி' என்று ஒன்று உண்டு. அது யூதர்கள் கூடி வழிபடும் இடம்.

இப்பெயர் எத்துணைப் பொருத்தமுடையது என்பதை யூதரின் சொற்களே காட்டும். அவர்தம் எபிரேய மொழியிலே இவ்விடத்திற்குப் 'பெத் கெனெசெத்' என்று பெயர். 'கூடும் வீடு' என்பது அதன் பொருள். கிரேக்க மொழியிலிருந்து உலகெங்கும் பரவிய 'சினகோக்' என்னும் சொல்லும் 'கூடுகை' என்பதையே குறிக்கும். ஐரோப்பிய யூதர் பலர் பேசிய இத்திஷ் மொழியிலோ அதன் பெயர் 'ஷூல்', அதாவது பள்ளிக்கூடம். விவிலியத்தைத் தமிழிலே படித்தவர்கள் 'ஜெப ஆலயம்', 'தொழுகைக்கூடம்' என்னும் சொற்களால் இதனை அறிவர். மேற்சொன்ன எபிரேய, கிரேக்க, இத்திஷ்ப் பெயர்களுள் ஒன்றேனும் 'கடவுள் குடிகொண்ட இடம்' என்று கூறவில்லை என்பது கருதற்பாலது. மனிதர் கூடும் இடம், கற்கும் இடம் என்றே அவை கூறுகின்றன. இந்த ஒரு குறிப்பை நெஞ்சில் இருத்திக்கொண்டு, வாசகர்கள் எம்முடன் மட்டாஞ்சேரிக்கு வருவார்களாக.

மிளகு மணக்கும் தெரு

எர்ணாகுளத்திற்கு மேற்கே, காயலுக்கு அப்பால் இருப்பது மட்டாஞ்சேரி. பாலங்களைக் கடந்து தரைவழியே நாம் அவ்விடம் சேர்ந்தோம். மிளகும் இஞ்சியும் ஏலமும் நெடுங்காலம் விலைபேசப்பட்ட தெருக்கள் அவை. பண்டகசாலைகள் பல இப்போது பழம்பொருட் கடைகளாகவும் துணிக் கடைகளாகவும் மாறியுள்ளன. ஆயினும் சரக்கு மணம் காற்றை விட்டு அகலவில்லை.

யூதர் தெருவின் கோடியிலே நிற்கிறது நாம் தேடிவந்த பள்ளி. அதன் அயலவர் யார் என்பதை முதலிற் சொல்லவேண்டும். ஒருபுறத்திலே கொச்சி அரசரின் பழைய அரண்மனை. அந்த அரண்மனை வளவுக்குள்ளேயே பகவதி கோயில். அதற்கு அடுத்தாற்போல் யூதப்பள்ளி. கோயில் மணியோசையும் எபிரேய வேத ஒலியும் ஒரே காற்றிலே கலந்து நான்கு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன.

பள்ளியின் மணிக்கூட்டுக் கோபுரம் 1760 ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது. அதன் கடிகார முகங்கள் ஒன்றையொன்று ஒத்தனவல்ல. அரண்மனையை நோக்கிய முகத்திலே மலையாள எண்கள். பள்ளியை நோக்கிய முகத்திலே எபிரேய எண்கள். வணிகர் வரும் திசையிலே உரோம எண்கள். அவரவர்க்குத் தெரிந்த எழுத்திலே நேரத்தைச் சொல்லும் இக்கோபுரத்தைக் காட்டிலும் இத்தெருவின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லவல்லது பிறிதொன்றில்லை.

வாயிலிலே பாதரட்சைகளைக் கழற்றி வைக்கும்படி கூறினார்கள். நமக்கு இது புதுமையன்று. ஆனால் உலகின் ஏனைய பகுதிகளிலே யூதர் தொழுகைக்கூடத்திற்குட் புகுவோர் தலையை மூடுவது வழக்கமேயன்றிப் பாதரட்சை கழற்றுவது வழக்கமன்று. கொச்சி யூதர்கள் தம் அயலாரான இந்துக்களிடமும் முஸ்லிம்களிடமும் கண்ட மரியாதையைத் தமதாக்கிக்கொண்டார்கள். ஓய்வு நாளாகிய சனிக்கிழமையிலே பார்வையாளருக்கு இங்கு இடமில்லை.

செப்பேடும் கல்லும்

இம்மக்கள் மேற்குக் கரைக்கு எக்காலத்தில் வந்தனர் என்பதுபற்றி அவர்களிடையே வழங்கும் மரபுக் கதைகள் பல. கதைகளை ஒதுக்கிவிட்டுக் கையிற் கிடைத்த சான்றை மட்டும் நோக்கினாலும், அது நமக்கு மிக நெருங்கியதாய் இருக்கின்றது. ஏறத்தாழ கி. பி. 1000 ஆம் ஆண்டிலே சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு வழங்கிய செப்பேடே அச்சான்று. அதன் எழுத்து வட்டெழுத்து. அதன் மொழியோ தமிழ் பயின்றோர் பெரும்பாலும் பொருளுணரத்தக்க பழைய மொழி. பகல் விளக்கு, பாவாடை விரித்தல், பல்லக்கு, குடை, பறை, காளம், தோரணம் முதலாக எழுபத்திரண்டு உரிமைகள் அதிலே வழங்கப்பட்டன. 'அஞ்சுவண்ணம்' என்னும் வணிகக் குழுவின் பெயரும் அதிலே காணப்படுகின்றது. அச்செப்பேடு மட்டாஞ்சேரிப் பள்ளியிலே போற்றிக் காக்கப்பட்டு வந்தது.

பள்ளியின் புறச்சுவரிலே ஒரு கல் பதிக்கப்பட்டிருக்கின்றது. கொச்சங்காடி என்னும் இடத்திலே 1344 ஆம் ஆண்டில் எழுந்து பின்னர் அழிந்துபோன தொழுகைக்கூடத்தின் கல்வெட்டு அது. கட்டடம் போயிற்று. கல் மட்டும் அடைக்கலம் புகுந்தது.

பதினாறாம் நூற்றாண்டிலே ஸ்பெயின், போர்த்துக்கல் முதலிய நாடுகளிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் சிலர் கொச்சிக்கு வந்து சேர்ந்தனர். அவர்கள் 'பரதேசிகள்' எனப்பட்டனர். இன்று நம் பேச்சிலே இச்சொல் இரந்துண்போரைக் குறித்தாலும், அதன் முதற்பொருள் பிற தேசத்தார் என்பதே. கொச்சி அரசர் தம் அரண்மனைக்கு அருகிலேயே நிலம் அளிக்க, அவர்கள் 1568 ஆம் ஆண்டு இப்பள்ளியைக் கட்டினார்கள். ஆகவே இது 'பரதேசிப் பள்ளி' எனப் பெயர்பெற்றது.

1662 ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் கொச்சியை முற்றுகையிட்டபோது, யூதர் அவர்களுக்கு உதவினர் என்று சினந்த போர்த்துக்கேயர் இப்பள்ளியைச் சூறையாடினர். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1658 இலே, யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அதே ஒல்லாந்தர், 1663 இலே கொச்சியையும் கைப்பற்றினர். பள்ளி மீண்டும் செப்பனிடப்பட்டது. நம் கரையிலே கோட்டை கைமாறிய கதையும் அக்கரையிலே பள்ளி உயிர்த்தெழுந்த கதையும் ஒரே நூலின் இரண்டு ஏடுகள் எனலாம்.

ஆலயம் வேறு, பள்ளி வேறு

உள்ளே செல்லுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்வது நன்று. பண்டைய யூதர்க்கு ஆலயம் என்பது ஒன்றே. அது யெரூசலம் நகரத்திலே இருந்தது. அங்கேதான் குருமார் பலிகளைச் செலுத்தினர். முதல் ஆலயத்தைப் பாபிலோனியர் கி. மு. 586 ஆம் ஆண்டளவில் அழித்தனர். மீண்டும் எழுந்த ஆலயத்தை உரோமர் கி. பி. 70 இலே தீக்கிரையாக்கினர். அதன்பின் பலி இல்லை, பலிபீடம் இல்லை.

ஆலயம் அழிந்தபின்னரும் ஒரு சமயம் அழியாதிருந்தது எங்ஙனம்? அதற்கு விடை தொழுகைக்கூடமே. ஆலயம் நின்ற காலத்திலேயே ஊர்தோறும் கூடங்கள் தோன்றியிருந்தன. யெரூசலத்திலே அகழ்ந்தெடுக்கப்பட்ட கிரேக்கக் கல்வெட்டொன்று, தியோதொத்தஸ் என்பவர் அமைத்த தொழுகைக்கூடத்தைப்பற்றிக் கூறுகின்றது. வேதத்தை வாசிப்பதற்கும் கட்டளைகளைக் கற்பிப்பதற்கும் அது கட்டப்பட்டதாம். வெளியூரிலிருந்து வருவோர் தங்குவதற்கு அறைகளும் நீர் வசதியும் அங்கே இருந்தனவாம். வாசித்தல், கற்பித்தல், வழிப்போக்கர்க்கு இடமளித்தல் என்னும் இம்மூன்றும் அன்றுதொட்டே இக்கூடத்தின் பணிகளாயின. பலிபீடம் இருந்த இடத்திலே புத்தகம் வந்தமர்ந்தது. குருமாரின் இடத்திலே ஊரார் நின்றனர்.

கொச்சியிலே இவ்வியல்பு இன்னும் தெளிவாக விளங்கியது. இங்கே பட்டம்பெற்ற 'ரபி'மார் இருந்து வழிபாட்டை நடத்தவில்லை. வேதமறிந்த மூத்தோரே நடத்தினர். எபிரேயம் வாசிக்கத் தெரிந்த எவரும் தொழுகையை வழிநடத்தலாம் என்பது யூதர் முறைமை.

மண்டபத்தின் உள்ளே

வெண்சுவர்களையுடைய நீள்சதுர மண்டபம். அளவிலே பெரிதன்று. காலடியிலே நீலமும் வெள்ளையுமான சீனத்து ஓடுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை பரப்பப்பட்டிருக்கின்றன. சீனத்துக் காண்டன் நகரத்திலே கையால் வண்ணந்தீட்டப்பட்ட அவற்றுள் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை என்பர். அவற்றைப் பதினெட்டாம் நூற்றாண்டிலே வருவித்தவர், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முதன்மை வணிகராய் விளங்கிய எசெக்கியேல் ரகாபி. மணிக்கூட்டுக் கோபுரத்தை எழுப்பியவரும் அவரே. தலைக்குமேலே பெல்ஜியத்துக் கண்ணாடிச் சரவிளக்குகளும், தேங்காயெண்ணெய் ஊற்றி எரிக்கும் வண்ணக் கண்ணாடி விளக்குகளும் நிறைந்து தொங்குகின்றன.

அழகு கண்ணைக் கவரும். ஆயினும் அழகுப் பொருட்களையெல்லாம் நீக்கிவிட்டாலும் ஒரு தொழுகைக்கூடம் தொழுகைக்கூடமாகவே இருக்கும். இன்றியமையாதவை சிலவே.

முதலாவது, திருப்பேழை. அது சுவரோடு அமைந்த, கதவுகளும் திரையும் உடைய பேழை. கொச்சி யூதர் அதனை 'ஏகால்' என்பர். யெரூசலத்தை நோக்கித் தொழவேண்டும் என்பது விதியாதலின், கொச்சியிலே அது மேற்குப் புறத்தில் இருக்கின்றது. ஐரோப்பாவின் பல நாடுகளிலே அதே பேழை கிழக்கு நோக்கி அமையும். பேழைக்குள் சிலையில்லை, படமில்லை. இருப்பவை தோரா ஏட்டுச்சுருள்கள் மட்டுமே.

இரண்டாவது, பேழையின் முன் எரியும் அணையா விளக்கு. ஆலயத்திலே எரிந்த விளக்கின் நினைவு அது.

மூன்றாவது, வாசிப்பு மேடை. 'தெபா' எனப்படும் அம்மேடை இங்கே பித்தளைக் கிராதியால் வளைக்கப்பட்டு மண்டபத்தின் நடுவிலே நிற்கின்றது. மக்கள் அதனைச் சூழ அமர்வர். வாசிப்பவர் மக்களுக்கு எதிரே நிற்பதில்லை, மக்களுக்கு நடுவிலே நிற்கின்றார்.

கேரளத்துத் தொழுகைக்கூடங்களுக்கே உரிய சிறப்பொன்றும் இங்கே காணக்கிடக்கின்றது. மேன்மாடத்திலே இரண்டாவது வாசிப்பு மேடையொன்று உண்டு. ஓய்வு நாட்களிலும் திருநாட்களிலும் தோராச் சுருளை மேலே எடுத்துச்சென்று அங்கிருந்து வாசிப்பர். அம்மேடையின் பின்னே, மறைப்புக்கு அப்பால், பெண்கள் அமரும் பகுதி. பெண்களைத் தனியே அமர்த்துவது பழைய யூத வழக்கம். ஆனால் வேறு நாடுகளிலே அவர்கள் வாசிப்பிலிருந்து தொலைவில் அமர, கொச்சியிலே அவர்களே அதற்கு மிக அண்மையில் அமர்ந்தனர். இப்பெண்கள் எபிரேயத் துதிகளை ஆடவரோடு சேர்ந்து உரக்கப் பாடினர். மேலும், மலையாளத்திலே தமக்கென்று பாடல்கள் இயற்றிக் கொப்பிகளில் எழுதிவைத்து, தாயிடமிருந்து மகள் பெறும் சீதனம்போல் வழிவழியாகக் காத்தனர். திருமண வீடுகளில் அப்பாடல்கள் ஒலித்தன.

ஏடும் எழுத்தும்

தோரா என்பது மோசேயின் ஐந்து நூல்கள். தொழுகைக்கூடத்திலே அச்சிட்ட நூலை வைத்து அதனை வாசிப்பதில்லை. பதப்படுத்திய தோலிலே, இறகுப் பேனாவாலே, கைப்பட எழுதிய சுருளிலிருந்தே வாசிப்பர். மூன்று இலட்சத்திற்கு மேற்பட்ட எழுத்துக்கள். ஓர் எழுத்துப் பிழைபட்டாலும், திருத்தப்படும்வரை அச்சுருளை வாசிப்பதற்கில்லை. உயிர்க்குறிகளோ நிறுத்தற்குறிகளோ அதிலே இல்லை. ஆகவே வாசிப்பவர் முன்னரே ஓதிப் பயின்றிருத்தல் வேண்டும். தோலிலே விரல் படலாகாதென்பதற்காக, சிறு கைபோன்ற வெள்ளிக் கோலால் வரியைச் சுட்டி வாசிப்பர்.

கொச்சியிலே இச்சுருள்கள் வெள்ளித் தகடு போர்த்த மரக்கூடுகளில் நிமிர்ந்து நிற்கின்றன. கூட்டின்மேல் முடி. திருவிதாங்கூர் மகாராசா 1805 ஆம் ஆண்டிலே அளித்த பொன்முடி ஒன்று இங்கே உண்டு. இந்து மன்னர் ஒருவர் யூத வேதத்திற்கு முடிசூட்டினார் என்று எண்ணும்போது நம் உள்ளம் நெகிழ்கின்றது.

பழுதுற்ற ஏடுகளையும் யூதர் எறிந்துவிடுவதில்லை. கடவுளின் பெயர் எழுதப்பட்ட எதனையும் ஓர் அறையில் இட்டுவைப்பர், அல்லது மண்ணிலே புதைப்பர். கெய்ரோ நகரத்து பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தின் அத்தகைய அறையொன்றிலிருந்து இலட்சக்கணக்கான ஏட்டுத்துண்டுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே வெளிப்பட்டன. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே மங்களூரிலிருந்து வாணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜு என்னும் யூத வணிகரின் கடிதங்கள் அவற்றுள் இருந்தன. நம் கடல்களின் வாணிக வரலாறு ஒரு தொழுகைக்கூடத்தின் பழந்தாள் அறையிலே பிழைத்திருந்தது விந்தையன்றோ!

தொழுகையின் ஒழுங்கு

நாள்தோறும் தொழுகை மூன்று: காலை, பிற்பகல், மாலை. திங்களும் வியாழனும் ஓய்வு நாளும் தோரா வாசிக்கும் நாட்கள். ஓய்வு நாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்குகின்றது. சனிக்கிழமைக் காலை பேழையின் திரை விலகும். அனைவரும் எழுந்து நிற்பர். சுருள் வெளிவரும். அன்றைய பகுதியை ஏழு கூறாக்கி, சபையிலிருந்து ஏழு பேரைப் பெயர்சொல்லி அழைப்பர். அழைக்கப்பட்டவர் மேடையேறித் துதி கூறுவார். இவ்வழைப்பே ஒரு யூதன் தன் சபையிலே பெறும் பெருமை. பதின்மூன்று வயது நிரம்பிய சிறுவன் முதன்முறையாக அழைக்கப்படும் நாள் குடும்பத்திற்கே திருநாளாகும்.

ஐம்பத்து நான்கு பகுதிகளாக வகுக்கப்பட்ட தோரா ஓராண்டிலே வாசித்து முடிக்கப்படும். முடிந்த அன்றே மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்குவர். 'சிம்ஹத் தோரா', அதாவது தோரா மகிழ்ச்சி நாள், என்பது அந்நாளின் பெயர். கொச்சியிலே அன்று மண்டபம் முழுவதும் விளக்கேற்றி, ஏட்டுச்சுருள்களைக் கையிலேந்திப் பள்ளியின் புறத்தே வலம்வந்து பாடுவர். நம் கோயில் வீதிவலம் கண்டவர்களுக்கு அக்காட்சி அந்நியமாகத் தோன்றாது.

பத்து என்னும் எண்

இனி, இத்தொழுகையின் அச்சாணியைக் கூறுவோம். தனியொருவன் எங்கிருந்தும் இறைவனை வேண்டலாம். ஆனால் சபையாகத் தொழுவதற்குப் பத்துப் பேர் வேண்டும். அதற்கு 'மின்யான்' என்று பெயர். பழைய முறைப்படி பதின்மூன்று வயது கடந்த ஆண்கள் பத்துப் பேர். இக்காலத்திலே சில பிரிவினர் பெண்களையும் சேர்த்து எண்ணுகின்றனர். ஒன்பது பேரறிஞர் கூடியிருந்தாலும், பத்தாமவன் வாராவிடின் சுருளை விரித்துச் சபைக்கு வாசிப்பதில்லை. பத்தாமவன் எழுத்தறியாத கூலியாளனாய் இருந்தாலும் அவன் வந்தவுடன் சபை நிறைவுபெறும்.

இறந்தவர்க்காகப் பிள்ளைகள் கூறும் 'கத்தீஷ்' என்னும் துதிக்கும் பத்துப் பேர் வேண்டும். அத்துதியிலே மரணத்தைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது முழுவதும் இறைபுகழே. தாயையோ தந்தையையோ இழந்தவன் பதினொரு திங்கள் அதனைச் சபையிலே சொல்லுகின்றான். அவன் துயரத்திலே தனித்துவிடாதபடி, ஊரிலே ஒன்பது பேரேனும் அவனோடு வந்து நிற்கவேண்டியதாகின்றது.

பத்து என்னும் கணக்கு எங்கிருந்து வந்தது? வாக்களிக்கப்பட்ட நாட்டை வேவு பார்க்கச் சென்ற பன்னிருவரிலே பதின்மர் அஞ்சித் தீய செய்தி கொண்டுவந்தனர். வேதம் அவர்களைச் 'சபை' என்று சுட்டுவதால், சபையென்றால் பத்துப் பேர் என்று தல்மூத் நூலார் வகுத்தனர். நல்லோரை வைத்து இக்கணக்கு வகுக்கப்படவில்லை, தவறிழைத்தோரை வைத்தே வகுக்கப்பட்டது! குலம் என்ன, குணம் என்ன என்று கேளாமல் தலையை எண்ணும் கணக்கு இது.

எண்ணப்படாதவர்கள்

கணக்கு இவ்வளவு தாராளமாய் இருந்தும், அதனை எண்ணிய கைகள் அத்துணைத் தாராளமாய் இருக்கவில்லை. இவ்வுண்மையை மறைத்துப் பரதேசிப் பள்ளியைப்பற்றி எழுதுவது முறையன்று.

இப்பள்ளியைக் கட்டிய பரதேசியர் 'வெள்ளை யூதர்' என்றும், அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே மலையாள நாட்டில் வாழ்ந்த மலபார் யூதர் 'கறுப்பு யூதர்' என்றும் பிறரால் குறிக்கப்பட்டனர். மலபார் யூதர்க்குத் தமக்கெனத் தொழுகைக்கூடங்கள் இருந்தன. பரதேசியரின் இல்லங்களிலே அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்றோரின் வழித்தோன்றல்களுக்கோ இப்பள்ளியே கதி. அவர்கள் யூத சமயத்தை முற்றாகக் கைக்கொண்டவர்கள். எனினும் அவர்கள் மற்றவர்களோடு ஆசனத்தில் அமர முடியாது. தோரா வாசிக்க மேடைக்கு அழைக்கப்படவும் மாட்டார்கள். மணவுறவும் மறுக்கப்பட்டது. இத்தகைய பிரிவினை முறையன்று என்று பதினாறாம் நூற்றாண்டிலேயே கெய்ரோ நகரத்து ரபி தாவீது இபின் சிம்ரா தீர்ப்பளித்திருந்தும், வழக்கம் வேதத்தை வென்றது.

அக்குழுவிலே 1882 ஆம் ஆண்டு பிறந்தவர் ஆபிரகாம் பராக் சாலெம். சென்னையிலே சட்டம் பயின்று வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டசபையிலே அங்கம் வகித்தார். 1929 இலே லாகூர் காங்கிரஸ் மாநாட்டிலே கலந்துகொண்டார். நாட்டு விடுதலைக்காகப் பேசிய அப்பெரியார், தம் சொந்தப் பள்ளியிலே சமமாக அமரவும் உரிமையற்றிருந்தார். வைக்கத்திலே 1924 ஆம் ஆண்டு தொடங்கிய சத்தியாக்கிரகமும், 1936 ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனமும் கேரளத்தை உலுக்கிய காலம் அது. சாலெம் காந்தியடிகளின் வழியையே தம் பள்ளிக்குள்ளும் கைக்கொண்டார். வன்முறையில்லை, வசையில்லை, விட்டுக்கொடுத்தலும் இல்லை. பள்ளியை விட்டு வேறிடம் தேடாமல், பள்ளிக்குள்ளேயே இருந்து உரிமை கேட்டார். ஆண்டுகள் பல கழிய, தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 'யூத காந்தி' என்று அழைக்கப்பட்ட அவர் 1967 இலே காலமானார். யூதர் தெருவிலே ஒரு வீதி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மேடை மாறவில்லை, பேழை மாறவில்லை, விளக்குகளும் மாறவில்லை. மனிதர் மனம் மாறியபோதே இப்பள்ளி தன் பெயருக்குத் தகுதியுடையதாயிற்று என்பது எம் கருத்து.

பள்ளிகள் எட்டு

காலத்தின் விளையாட்டை என்னென்பது! சமத்துவம் முதிர்ந்த காலமே பிரிவின் காலமாகவும் அமைந்தது. 1948 இலே இஸ்ரேல் நாடு தோன்றியது. கேரளத்து யூதர் அன்று ஏறத்தாழ 2,500 பேர். துன்புறுத்தலுக்கு அஞ்சி அவர்கள் புறப்படவில்லை. நாள்தோறும் யெரூசலத்தை நோக்கித் தொழுதவர்கள், அதன் கதவு திறந்தது கேட்டுப் புறப்பட்டனர். 1950 களின் நடுப்பகுதியிலே ஊர் ஊராக மக்கள் சென்றனர். ஏட்டுச்சுருள்களைத் தம்முடன் கொண்டுசென்றனர். இஸ்ரேலின் தெற்கிலே வறண்ட நெகேவ் நிலத்தில் நெவாதிம் என்னும் குடியேற்றத்தைத் தம்முடையதாக்கிக்கொண்டு, பின்னர் அங்கே கொச்சிப் பாணியிலே ஒரு தொழுகைக்கூடமும் அமைத்தனர்.

மக்கள் புறப்பட்ட காலத்திலே கேரளத்தில் இருந்த பள்ளிகள் எட்டு. மட்டாஞ்சேரியிலே பரதேசி, கடவும்பாகம், தெக்கும்பாகம் என மூன்று. எர்ணாகுளத்திலும் கடவும்பாகம், தெக்கும்பாகம் என அதே பெயருடையவை இரண்டு. ஏனையவை பரவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களில் இருந்தன. படகுத்துறையைக் குறிக்கும் 'கடவு' என்பதும், தெற்கைக் குறிக்கும் 'தெக்கு' என்பதும் நமக்கும் உறவான சொற்களே.

இவற்றின் கதி பலவாறாயிற்று. மாளைப் பள்ளியை 1955 இலே ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டு மக்கள் கப்பலேறினர். மட்டாஞ்சேரிக் கடவும்பாகத்தின் மரவேலைப்பாடுகள் 1990 களிலே யெரூசலத்திலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்திற்குச் சென்றன. எஞ்சிய கட்டடத்தின் ஒரு பகுதி 2019 ஆம் ஆண்டு மழையிலே இடிந்து விழுந்தது. சேந்தமங்கலமும் பரவூரும் செப்பனிடப்பட்டு அருங்காட்சியகங்களாயின. எர்ணாகுளத்துக் கடவும்பாகம் 1972 இலே மூடப்பட்டு, அதன் முன்னறையிலே நெடுங்காலம் பூஞ்செடிகளும் வண்ண மீன்களும் விற்கப்பட்டன. பின்னர் அது புதுப்பிக்கப்பட்டு, 2018 இலே மீண்டும் தோராச் சுருள் அங்கே எழுந்தருளியது.

பரதேசிப் பள்ளி தன் நானூறாம் ஆண்டினை 1968 டிசெம்பரிலே கொண்டாடியது. அன்றைய இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி நேரில் வந்தார். இந்திய அரசு நினைவு முத்திரையும் வெளியிட்டது. அவ்விழாவிலே பள்ளி நிறைந்திருந்தது. இன்றோ மட்டாஞ்சேரியில் வாழும் பரதேசி யூதர் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவர். நாள்தோறும் பார்வையாளர் வருகின்றனர், ஓடுகளை வியக்கின்றனர், செல்கின்றனர். பார்வையாளர் நூற்றுவர் நின்றாலும், சபைக்கு வேண்டிய பதின்மர் அவருள் இல்லையேல் பேழையின் திரை சபைக்காக விலகுவதில்லை. பிற நாட்டு யூதப் பயணிகள் வந்து எண்ணிக்கையை நிரப்பும் நாளிலேதான் பழைய ஒலி மீண்டும் கேட்கின்றது. பிற தேசத்தாரால் கட்டப்பட்ட பள்ளி, பிற தேசத்தாரையே இன்றும் எதிர்நோக்கியிருக்கின்றது.

பழங்கட்டடங்களைக் காக்கவேண்டும் என்று நாம் அடிக்கடி பேசுகின்றோம். அது நன்றே. மட்டாஞ்சேரியிலே கட்டடம் காக்கப்பட்டிருக்கின்றது. ஓடு உடையவில்லை, விளக்கு மங்கவில்லை, கோபுரத்து மணிக்கூடும் நிற்கின்றது. அக்கட்டடத்தாலே ஒரு பத்தாமவனை உண்டாக்க முடியவில்லை. அதே வேளையில், நெகேவ் மணலிலே பத்துப் பேர் கூடி ஒரு சுருளை விரித்தபோது, அங்கே கொச்சிப் பள்ளி மீண்டும் பிறந்தது. பள்ளி என்பது சுவரன்று, கூடுகை என்று அதன் பெயர் முதலிலேயே சொல்லிவிட்டது.

மாணவர்கள் கொச்சி செல்லும் வாய்ப்பைப் பெறின், நீல ஓடுகளைக் கண்டு மகிழ்க. மகிழ்ந்தபின் நடு மேடையைச் சூழவுள்ள ஆசனங்களையும் சற்று நோக்குக. யாருக்கு அவை மறுக்கப்பட்டன, யார் அவற்றைக் கேட்டுப் பெற்றனர், யார் அவற்றை விட்டுச் சென்றனர் என்று எண்ணிப் பார்ப்பவர்க்கே அப்பள்ளி தன் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும்.